கோட்டுக்கு உள்ளே

நியூயார்க் நகரின் 7ஆம் எண் ரயில் மன்ஹாட்டனிலிருந்து ஆற்றுக்கு அடியில் புகுந்து, குவீன்ஸ் பகுதியில் மேலேறி வெளிச்சத்துக்கு வரும்போது சன்னலுக்கு வெளியே ஒரு பழைய தொழிற்சாலைக் கட்டடம் தெரியும். தெரிந்துகொண்டிருந்தது என்று சொல்லவேண்டும். இப்போது அது இல்லை. அடித்தளம் முதல் மொட்டைமாடி வரை ஒரு சாண் இடம் விடாமல் வண்ணத்தால் எழுதப்பட்ட கட்டடம் அது. ஃபைவ் பாயிண்ட்ஸ் என்று பெயர். உரிமையாளரின் ஒப்புதலோடு எழுதப்பட்ட சுவர்கள் அவை. 2002 முதல் ஜானதன் கோஹென் என்ற ஓவியர், மெரெஸ் என்று கையெழுத்திடுபவர், அவற்றைப் பராமரித்துவந்தார். யாருக்கு எந்தச் சுவர், எத்தனை நாளைக்கு என்பதெல்லாம் அவர் முடிவு. புதிதாக வருகிறவனுக்குச் சீக்கிரம் அழியப்போகிற சுவர். கைதேர்ந்தவருக்கு ரயிலிலிருந்து தெரிகிற உயரமான சுவர்.

2007ஆம் ஆண்டின் இலையுதிர்காலத்தில், நியூஜெர்சியில் ஓர் அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்த நான், ஒரு சனிக்கிழமை அங்கே இறங்கினேன். கலை ஆர்வம் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். உண்மையில் அறையில் தனியாக இருக்கப் பிடிக்கவில்லை, அவ்வளவே.

பின்புறச் சந்தில் நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் வெள்ளி நிற ஸ்பிரே கேனால் எழுத்துகளின் வெளிக்கோட்டை இழுத்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு எழுத்தும் ஆளுயரம். அவருக்குப் பின்னால் பதினான்கு, பதினைந்து வயதுப் பையன் ஒருவன் கோடுகளுக்கு உள்ளே ஊதா நிறத்தை நிரப்பிக்கொண்டு வந்தான். பெரியவர் திரும்பிப் பார்க்கவே இல்லை. பையனோ நாக்கு நுனியைக் கடித்துக்கொண்டு, கோட்டைத் தாண்டிவிடக் கூடாதே என்ற ஒரே கவலையில் இருந்தான். ஓரிடத்தில் தாண்டிவிட்டது. சட்டென்று பெரியவரின் முதுகைப் பார்த்தான். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். பதினெட்டு ஆண்டுகளுக்கு முன்னால், விருதுநகரில் ஒரு கமிஷன் மண்டிச் சுவரின் முன்னால், அதே பார்வையோடு நான் நின்றிருக்கிறேன்.

நண்பர்கள் மன்னிக்கவேண்டும். தெருவோவியர்களைப் பற்றி எழுத உட்கார்ந்து என் கதைக்குப் போகிறேன். ஆனால் அந்தக் கதை வழியாகத்தான் எனக்கு இவர்கள் புரிகிறார்கள்.

1989 ஜனவரி மாதச் சட்டமன்றத் தேர்தல் பலருக்கு நினைவிருக்கும். எம்.ஜி.ஆர். மறைந்து ஓராண்டு கடந்திருந்தது. அ.தி.மு.க. இரண்டாகப் பிளந்து நின்றது. இரட்டை இலை முடக்கப்பட்டு, ஜெயலலிதா அணிக்குச் சேவலும் ஜானகி அணிக்கு இரட்டைப் புறாவும் சின்னங்களாகக் கிடைத்தன. அரசியல் நோக்கர்களுக்கு அது பிளவு. சுவர் எழுதுகிறவர்களுக்குப் பெரும் சோதனை. அதுவரை இரட்டை இலை என்றால் கண்ணை மூடிக்கொண்டு இழுத்துவிடுவார்கள். உதயசூரியன் அதைவிட எளிது: இரண்டு மலை, அரை வட்டம், கதிர்கள். காங்கிரசின் கையும் அப்படித்தான். திடீரென்று சேவலும் புறாவும் என்றால்? உயிருள்ள பறவைக்குக் கண் வேண்டும், நிற்கிற நிலை வேண்டும். எங்கள் ஊரில் முதல் வாரம் எழுதப்பட்ட சேவல்களில் பாதி கோழியாகவும் மீதி மயிலாகவும் இருந்தன. புறாக்களைப் பற்றிப் பேசாமல் இருப்பது நல்லது.

எங்கள் தெருவில் சுவர் எழுதிய அண்ணாச்சியிடம் நான் ஒட்டிக்கொண்டது அப்போதுதான். எனக்குப் பதின்மூன்று வயது. அவர் எந்தக் கட்சியையும் சேர்ந்தவரல்லர். மாலையில் சேவல் எழுதிவிட்டு, இரவு ஏணியைத் தூக்கிக்கொண்டு எதிர்ச்சுவருக்குப் போய்ப் புறா எழுதுவார். யாராவது கேட்டால், "எழுத்துக்கு ஏது கட்சி?" என்பார்.

வேலையின் வரிசை இது. முதலில் சுவரைச் சுரண்டிச் சுண்ணாம்பு அடிக்கவேண்டும். பளிச்சென்று தெரியச் சிறிது நீலம் கலப்பார்கள். காய்ந்தபின், நீலப்பொடியில் தோய்த்த நூலை இருவர் இரண்டு முனையில் இழுத்துப் பிடித்து, நடுவில் சுண்டினால் சுவரில் நேர்கோடு விழும். மேலொன்று, கீழொன்று. அந்த இரு கோடுகளுக்கு இடையில் அண்ணாச்சி கரித்துண்டால் எழுத்துகளை இழுப்பார். வேட்பாளர் பெயர் எத்தனை எழுத்து, சுவர் எத்தனை அடி என்று மனத்துக்குள்ளேயே கணக்குப் போட்டுவிடுவார். ஒருமுறைகூட கடைசி எழுத்து இடமின்றி நெருங்கிக் கிடந்ததை நான் பார்த்ததில்லை. அதன்பிறகுதான் பையன்களின் வேலை. வஜ்ஜிரம் காய்ச்சிக் கலந்த பொடி வண்ணத்தைச் சிரட்டையில் வாங்கிக்கொண்டு, கோட்டுக்கு உள்ளே நிரப்பவேண்டும். நிரப்பி முடித்ததும் அண்ணாச்சி மெல்லிய பிரஷ்ஷை எடுத்து, கறுப்பில் மீண்டும் ஒருமுறை வெளிக்கோடு இழுப்பார். நாங்கள் செய்த கோணல்கள் எல்லாம் அந்தக் கடைசிக் கோட்டுக்கு அடியில் மறைந்துபோகும்.

ஃபைவ் பாயிண்ட்ஸில் அந்தப் பெரியவரும் கடைசியில் அதையேதான் செய்தார். ஊதா நிறம் காய்ந்தபின், கறுப்பு கேனை எடுத்துக் குலுக்கி, பையன் நிரப்பியதன் விளிம்பு முழுக்க ஒரு கோடு இழுத்தார். பையனின் பிழை காணாமல் போயிற்று. நான் அந்தச் சந்தில் நெடுநேரம் நின்றுகொண்டிருந்தேன்.

அதன்பிறகு இந்த மனிதர்களைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன், பார்த்தேன். என்னை முதலில் நிறுத்திய செய்தி, அவர்கள் தங்களைக் கலைஞர்கள் என்று சொல்லிக்கொள்ளவில்லை என்பது. கிராஃபிட்டி என்ற சொல்கூட வெளியார் இட்டது என்று குறைப்பட்டுக்கொண்டவர்கள் அவர்களில் உண்டு. அவர்கள் தங்களை அழைத்துக்கொண்ட பெயர் 'எழுதுபவர்கள்'. நம்மூரிலும் சுவர் எழுதுகிறவர் என்போமே தவிர, ஓவியர் என்று சொன்னதில்லை.

எல்லாம் பெயரிலிருந்து தொடங்குகிறது. ஃபிலடெல்ஃபியாவின் டாரில் மெக்ரே 1960களின் நடுவில் சிறார் சீர்திருத்த விடுதி ஒன்றில் இருந்தார். பாட்டி செய்து தருகிற சோள ரொட்டியைக் கேட்டுக் கேட்டு அங்கிருந்த சமையல்காரரை நச்சரித்ததில் 'கார்ன்பிரெட்' என்ற பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டது. அதையே விடுதிச் சுவரெங்கும் எழுதினார். வெளியே வந்தபின் ஒரு பெண்ணைக் கவர்வதற்காக அவள் போகும் வழியெல்லாம் எழுதினார். பிறகு அவர் இறந்துவிட்டதாக நாளிதழில் தவறாகச் செய்தி வந்தபோது, மிருகக்காட்சிசாலைக்குள் புகுந்து யானையின் மேல் 'கார்ன்பிரெட் உயிரோடிருக்கிறான்' என்று எழுதியதாக அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். நியூயார்க்கின் டாக்கி 183, 183ஆம் தெருவில் வசித்த கிரேக்க வம்சாவளிப் பையன். கடிதங்களையும் பொட்டலங்களையும் கொண்டு சேர்க்கும் வேலை. போகிற இடமெல்லாம் பெயரை எழுதிவைத்தான். 1971 ஜூலையில் நியூயார்க் டைம்ஸ் அவனைப் பற்றி எழுதியதும் நகரமே எழுதத் தொடங்கியது. ஆனால் டாக்கியும் முதல்வனல்லன். அவனுக்கு முன்னால் 204ஆம் தெருவில் ஹூலியோ என்றொருவன் அதேபோலப் பெயரையும் எண்ணையும் எழுதியிருந்தான். அதைப் பார்த்துத்தான் இவன் எழுதினான்.

இவர்களைவிட என்னை அதிகம் தொட்டவர் லேடி பிங்க். ஈக்வடோரில் பிறந்து குவீன்ஸில் வளர்ந்த சாண்ட்ரா ஃபபாரா. 1979இல் அவருக்குப் பதினைந்து வயது. காதலன் கைதாகி, பிறகு போர்ட்டோ ரீகோவிலிருந்த உறவினர்களிடம் அனுப்பப்பட்டுவிட்டான். அந்தத் துயரில் அவனுடைய பெயரைத்தான் அவர் சுவர்களில் எழுதினார். தன் பெயரை அல்ல. பிறகு வேறொரு எழுத்தன் 'பிங்க்' என்று அவருக்குப் பெயர் சூட்டினான். ரயில் நிறுத்துமிடங்களுக்குப் பையன்கள் அவரை உடனழைத்துப்போக மறுத்தார்கள். பெண்ணால் ஓட முடியாது, அழுதுவிடுவாள் என்றார்கள். அவர் போனார். ஓடினார். 1983இல் வெளிவந்த 'வைல்ட் ஸ்டைல்' படத்தில் அவரே நடித்திருக்கிறார். நம் இலக்கியக் கூட்டங்களில் 'தன் குரலைக் கண்டடைதல்' என்று ஒரு தொடர் அடிக்கடி கேட்கிறது. பதினைந்து வயதுச் சிறுமி இன்னொருவன் பெயரை நூறு முறை எழுதித்தான் தன் கையெழுத்துக்கு வந்துசேர்ந்தாள் என்பதை நான் அங்கே சொல்லிப்பார்த்திருக்கிறேன். பெரிய வரவேற்பு இல்லை.

அந்த உலகில் தொடக்கக்காரனுக்கு 'பொம்மை' என்று பெயர். அடுத்தவனுடைய எழுத்துமுறையைத் திருடுவதற்குக் 'கடித்தல்'. கடித்தவனை யாரும் மன்னிப்பதில்லை. ஆனால் கடிக்காமல் வளர்ந்தவனும் இல்லை. ஃபேஸ் 2 என்ற எழுத்தன் 1972 வாக்கில் ஊதிய பலூன்போன்ற எழுத்துகளைக் கொண்டுவந்ததும், ஓரிரு ஆண்டுகளில் நகரமெங்கும் எழுத்துகள் உப்பிவிட்டன. வான் போடேயின் சித்திரக்கதைப் பாத்திரங்கள் ரயில்பெட்டி ரயில்பெட்டியாக ஏறின. இளையவன் முதலில் நிரப்புவான். பிறகு மூத்தவரின் வரைபட நோட்டைப் பார்த்து வரைவான். ஒருநாள் கோடு அவன் கைக்கு வரும். அந்த நாள் எப்போது வரும் என்று யாரும் சொல்வதில்லை, வராமலும் போகலாம்.

வராமலே போனாலும் பரவாயில்லை என்று சொல்லக்கூடிய ஒருவர் இருக்கிறார். கீத் ஹேரிங்கைப் பலரும் அறிவார்கள். பென்சில்வேனியாவின் சிற்றூரில் வளர்ந்தவர். கார்ட்டூன் வரைய அவருக்குக் கற்றுத்தந்தவர் அப்பா. நியூயார்க் சுரங்க ரயில் நிலையங்களில், குத்தகை முடிந்த விளம்பரப் பலகைகளைக் கறுப்புக் காகிதம் ஒட்டி மூடுவார்கள். 1980இல் அப்படி ஒரு காகிதத்தைப் பார்த்தவர், மேலே தெருவுக்குப் போய்ச் சாக்கட்டி வாங்கிவந்து வரையத் தொடங்கினார். 1985 வரை வரைந்துகொண்டே இருந்தார். தவழும் குழந்தை, குரைக்கும் நாய், ஒரே கனமுள்ள கோடு. ஆனால் நான் சொல்ல வந்தது ஹேரிங்கைப் பற்றியல்ல.

லோயர் ஈஸ்ட் சைடில் ஏஞ்செல் ஆர்டிஸ் என்றொரு பையன் இருந்தான். 'எல்.ஏ. 2' என்பது அவன் கையெழுத்து. பாம்பு நெளிவதுபோல ஓடுகிற அந்தக் கையெழுத்தைச் சுவர்களில் பார்த்து வியந்த ஹேரிங், 1980களின் தொடக்கத்தில் அவனைத் தேடிப்பிடித்தார். அவனுக்கு அப்போது பதினான்கு, பதினைந்து வயதிருக்கும். இருவரும் சேர்ந்து வரையத் தொடங்கினார்கள். ஹேரிங் தடித்த கோட்டில் உருவங்களை இழுப்பார். கோடுகளுக்கு இடையிலுள்ள வெற்றிடத்தை ஆர்டிஸ் தன் நெளிவுகளாலும் கையெழுத்தாலும் நிரப்புவான். ஜாடிகள், சிலைகள், 1982இல் சுதந்திர தேவியின் பிரதிமை ஒன்று. அவற்றின் படங்களைப் பார்க்கும்போது ஒன்று விளங்கும். ஹேரிங்கின் கோட்டை மட்டும் எடுத்துவிட்டால் மீதமிருப்பது ஒரு முழுமையான எழுத்துப்பரப்பு. ஆர்டிஸை எடுத்துவிட்டால் மீதமிருப்பது ஹேரிங், ஆனால் ஏதோ குளிர்ந்துபோன ஹேரிங். நிரப்புகிறவன் அங்கே இரண்டாமவனாக இல்லை. ஆனால் 1990இல் ஹேரிங் முப்பத்தொரு வயதில் மறைந்தபின், அந்த ஆக்கங்கள் பலவும் நெடுங்காலம் ஹேரிங்கின் ஆக்கங்களாக மட்டுமே பேசப்பட்டன. ஆர்டிஸின் பெயர் மெல்ல மெல்லத்தான் திரும்பி வந்தது. இரண்டாவது பெயரைப் படிக்க உலகுக்கு எப்போதுமே பொறுமை குறைவு.

சுவருக்கு ஒரு சௌகரியம் உண்டு. பிழை மறையும், சுவரே மறையும். தோலில் அப்படி இல்லை. என் அப்பத்தாவின் இடது முன்கையில் பச்சை குத்தியிருந்தது: புள்ளி வைத்த ஒரு சிறு கோலம். அவர் சிறுமியாக இருந்தபோது தெருவுக்கு வந்த குறத்தியிடம் குத்திக்கொண்டதாம். கூலி கொஞ்சம் நெல்லும் ஒரு பழைய சேலையும். அகத்தி இலையையும் மஞ்சளையும் அரைத்துத் துணியில் தடவித் திரியாக்கி, ஆமணக்கெண்ணெயில் எரித்து, மேலே கவிழ்த்த புதுச்சட்டியில் படிகிற கரியை எடுத்துக் குழைத்துக் குத்துவார்கள் என்று அவர் சொல்லியிருக்கிறார். தர்ஸ்டனின் குறிப்புகளிலும் ஏறக்குறைய இதே செய்முறையைப் பின்னாளில் படித்தேன். அந்தக் கோலத்தில் ஒரு புள்ளி மட்டும் வரிசையிலிருந்து விலகியிருக்கும். "இது அந்தக் குறத்தி மக வச்ச புள்ளி. ஆத்தாக்காரி கோடு இழுத்துட்டு, புள்ளிய நீ வையின்னு ஊசியக் குடுத்தா. சின்னப்புள்ள, கை நடுங்கிருச்சு" என்பார் அப்பத்தா. அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் வருத்தம் இருந்ததில்லை. தன் கையில் ஒருத்தி தொழில் பழகினாள் என்பதில் ஒருவகைப் பெருமிதம்கூட இருந்தது என்றே நினைக்கிறேன். 1996இல் அவரைச் சிதையில் வைத்தபோது அந்தப் புள்ளியும் போயிற்று. பழகிய கை எங்கே, எத்தனை கோலங்களோடு அலைந்ததோ.

பச்சைகுத்தலில் இதனால்தான் குருவைத் தேடிப்போவது கட்டாயமாகிறது. அமெரிக்கப் பச்சைகுத்தலின் போக்கை மாற்றிய டான் எட் ஹார்டி, பத்து வயதில் அண்டைவீட்டுப் பிள்ளைகளின் தோலில் வண்ணப் பென்சிலாலும் கண்மைப் பென்சிலாலும் 'பச்சை குத்திய'வர். லாங் பீச்சில் பெர்ட் கிரிம் என்பவரின் கடைக்குப் போய், சுவரில் தொங்கிய மாதிரிப் படங்களைப் பார்த்துப் பார்த்து நோட்டில் வரைவார். வளர்ந்தபின் சான் பிரான்சிஸ்கோ கலைக் கல்லூரியில் அச்சோவியம் படித்து 1967இல் பட்டம் பெற்றார். மேற்படிப்புக்கு யேல் அழைத்தது. போகவில்லை; பச்சைகுத்தப் போனார். அவரை வழிப்படுத்திய ஃபில் ஸ்பாரோ, கல்லூரியில் ஆங்கிலப் பேராசிரியராக இருந்து அதைத் துறந்து ஊசி பிடித்தவர். ஜப்பானிய முறையில் முதுகு முழுவதும் ஒரே சித்திரமாக விரிகிற பச்சைகுத்தலை ஹார்டிக்குக் காட்டியவர் அவர். ஹானலூலுவில் மாலுமிகளுக்குக் குத்திக்கொண்டிருந்த செய்லர் ஜெர்ரியின் கடிதத் தொடர்பு வழியாக 1973இல் ஜப்பான் சென்று, ஹோரிஹிதே என்ற கலைஞரிடம் சில மாதங்கள் வேலை செய்தார். திரும்பி வந்து 1974இல் அவர் திறந்த கடையில் சுவரில் மாதிரிப் படங்களைக் காட்டி விற்கும் வழக்கம் இல்லை. வருகிறவரோடு பேசித்தான் சித்திரம் உருவாகும். மாதிரிப் படங்களைப் பிரதியெடுத்துப் பழகிய சிறுவன்தான் அவற்றைச் சுவரிலிருந்து இறக்கியவன்.

யேலைத் துறக்க ஒரு துணிச்சல் வேண்டும். அது என்னிடம் இல்லாமல் போன இடத்துக்கு வருகிறேன்.

பொங்கலுக்கு அடுத்த நாட்கள். தேர்தலுக்கு ஒரு வாரம்கூட இல்லை. மண்டிச் சுவரில் சேவல். அண்ணாச்சி அதற்குள் சேவலைப் பிடித்துவிட்டிருந்தார். பக்கத்து வீட்டுச் சேவலை ஒரு பகல் முழுதும் திண்ணையில் உட்கார்ந்து பார்த்தே பிடித்தார். மற்றவர்கள் தகரத்தில் அச்சு வெட்டிக்கொண்டு, சுவரில் வைத்துத் தேய்த்துவிட்டுப் போனார்கள். ஒரு மணி நேரத்தில் பத்துச் சேவல். அண்ணாச்சிக்கு அச்சு பிடிக்காது. "அச்சுல இருக்கிறது செத்த சேவல்டா" என்பார். (இந்தக் கருத்தை நெடுங்காலம் நானும் சுமந்து திரிந்தேன். பாரிஸில் 1981 முதல் அச்சில் எலிகளை இறக்கிய பிளெக் ல ராவையும் பேங்க்ஸியையும் பார்த்தபின்தான் மாற்றிக்கொண்டேன். போலீசுக்குப் பயந்து வண்டிக்கு அடியில் பதுங்கிக் கிடந்தபோது, தலைக்கு மேலிருந்த தகட்டில் அச்செழுத்தைப் பார்த்து, இதுவே வழி என்று கண்டுகொண்டதாகப் பேங்க்ஸி எழுதியிருக்கிறார். ஓட வேண்டியிருப்பவனுக்கு அச்சு. எங்கள் அண்ணாச்சி யாருக்கும் பயந்து ஓட வேண்டியிருக்கவில்லை.)

அன்றிரவு பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் பெயரை முடித்துவிட்டு, சேவலின் உடல்வரை கரியால் இழுத்து நிறுத்தினார். என்னைப் பார்த்தார். "வால நாளைக்கு நீ இழு. அஞ்சு எறகு. மேல ஏறி, வளைஞ்சு, எறங்கணும். பயந்தா கோடு நடுங்கும்" என்றார்.

இரவு முழுக்கத் தூக்கமில்லை. பாய்க்கு வெளியே விரலால் தரையில் அந்த ஐந்து இறகுகளை இழுத்துக்கொண்டே கிடந்தேன்.

மறுநாள் மாலை கரித்துண்டைக் கையில் வாங்கிவிட்டேன். சுவரைத் தொடுவதற்குள் பின்னால் சைக்கிள் நின்றது. அப்பா. அந்த மண்டியில்தான் அவர் கணக்கெழுதிக்கொண்டிருந்தார். உடன் வேறு இருவர். அப்பா என்னிடம் பேசவில்லை. அண்ணாச்சியிடம், மிக மரியாதையாக, "இவன் உங்ககிட்ட வேலை பாக்குறானா?" என்று கேட்டார். அவர் பதில் சொல்வதற்குமுன் நான் சொன்னேன்: "இல்லப்பா. சும்மா வேடிக்கை பாத்துக்கிட்டிருந்தேன்."

கரித்துண்டு கையில் இருந்தது. நகத்தடியெல்லாம் சிவப்பு. அண்ணாச்சி என் கையைப் பார்த்தார். பிறகு அப்பாவைப் பார்த்து, "ஆமா, வேடிக்கதான் பாத்தான்" என்றார். என் கையிலிருந்து கரியை வாங்கிக்கொண்டு திரும்பிச் சுவரைப் பார்த்து வாலை இழுக்கத் தொடங்கினார். ஐந்து இறகு. ஒரே மூச்சில்.

அப்பா கெட்டவரில்லை. அடிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. மண்டியில் நாள்முழுக்கக் குனிந்து எழுதிய மனிதர். மகன் சுவரில் எழுதுவதைப் பார்க்க அவரால் முடியவில்லை. நான் படித்தேன். வேலைக்குப் போனேன். அந்தத் தெருவின் வழியாகப் போகாமல் இருக்க, கல்லூரி முடிகிறவரை சுற்றுவழியில் போனேன். தி.மு.க. வென்றதும், அ.தி.மு.க.வின் இரு அணிகளும் சில வாரங்களில் சேர்ந்ததும், இரட்டை இலை திரும்பி வந்ததும் அனைவரும் அறிந்ததே. ஊரிலிருந்த சேவல்களின் மேலெல்லாம் சுண்ணாம்பு ஏறியது.

2013 நவம்பர் 19ஆம் தேதி இரவோடு இரவாக ஃபைவ் பாயிண்ட்ஸுக்கும் வெள்ளை அடித்துவிட்டார்கள். உரிமையாளர் அடுக்குமாடி வீடுகள் கட்டத் தீர்மானித்திருந்தார். விடிந்தபோது ரயிலில் போனவர்கள் பார்த்தது ஒழுங்கில்லாமல் பூசிய வெள்ளையும், அதற்கு அடியில் கசிகிற வண்ணங்களும். இருபத்தொரு ஓவியர்கள் வழக்குத் தொடுத்து, 2018இல் 67 லட்சம் டாலருக்கும் மேல் இழப்பீட்டுத் தீர்ப்பு பெற்றார்கள். 2020இல் மேல்முறையீட்டிலும் அது நின்றது. தெருச்சுவரில் எழுதியதும் கலை, அதற்கும் சட்டப் பாதுகாப்பு உண்டு என்று நீதிமன்றம் ஏற்றது மிகப் பெரிய செய்திதான். ஆனால் அன்று காலை அலுவலக மேசையில் செய்தியைப் படித்த எனக்குத் தோன்றியது வேறு. எங்கள் ஊரில் வேலை வெள்ளையடிப்பதில்தான் தொடங்கும். அந்தப் பையன் நிரப்பிய ஊதா எப்போதோ அழிந்திருக்கும். அவன் இப்போது வெளிக்கோடு இழுக்கிறவனாக ஆகியிருப்பானா?

2014 பொங்கலுக்கு ஊருக்குப் போனேன். அப்பா மறைந்து இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. அண்ணாச்சியை விசாரித்தேன். ஃப்ளெக்ஸ் வந்தபின் சுவர் எழுத யாரும் கூப்பிடுவதில்லை என்றும், பள்ளிக்கூடம், அங்கன்வாடி, கல்லறைக் கல் என்று ஏதோ எழுதிப் பிழைக்கிறார் என்றும் சொன்னார்கள். ஊருக்கு வெளியே புதிதாகக் கட்டிய ஓர் அங்கன்வாடிச் சுவரின் முன்னால் அவரைக் கண்டேன். எழுபதைத் தாண்டியிருக்க வேண்டும். தனியாக இருந்தார். சுண்ணாம்புக்குப் பதில் டிஸ்டெம்பர், சிரட்டைக்குப் பதில் பிளாஸ்டிக் டப்பா.

என்னை அறிமுகப்படுத்திக்கொண்டேன். மண்டிச் சுவரைச் சொன்னேன். சேவலைச் சொன்னேன். அப்பாவின் பெயரைச் சொன்னேன். கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"மண்டிச் செவுரு நல்லா ஞாபகமிருக்கு. வடக்கப் பாத்த செவுரு. உப்புப் பூத்துப்போய் வண்ணம் நிக்காது. ரெண்டு தடவ சுரண்டினோம்" என்றார். பிறகு, "நீங்க யாருன்னு பிடிபடலயே. அப்ப ஏகப்பட்ட பயலுக வந்தானுக. ஒருநாள் வருவான், ரெண்டாம் நாள் வரமாட்டான்" என்றார்.

இருபத்தைந்து ஆண்டுகளாக நான் சுமந்து திரிந்த அந்த மாலை அவரிடம் இல்லவே இல்லை. சுவரில் உப்புப் பூத்ததுதான் அவர் நினைவில் நின்றது. மன்னிப்புக் கேட்கலாம் என்று வந்திருந்தேன். யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை.

கைப்பேசியில் ஃபைவ் பாயிண்ட்ஸின் படங்களைக் காட்டினேன். ஒவ்வொன்றாகப் பார்த்தார். வண்ணங்களைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ஒரு படத்தில் மட்டும் நிறுத்தி, பெரிதாக்கச் சொன்னார். அது என்ன மொழி, என்ன எழுத்து என்று கேட்கவில்லை. "கடைசி எழுத்துக்கு எடம் பத்தல பாருங்க. நெருக்கி அடச்சிருக்கான். மொதல்லயே எண்ணியிருக்கணும்" என்று கைப்பேசியைத் திருப்பித் தந்தார்.

பிறகு டப்பாவிலிருந்து நூல்கண்டை எடுத்து நீலப்பொடியில் புரட்டினார். சுவர் நீளமாக இருந்தது. மறுமுனைக்கு அவர் ஓர் ஆணியை அடித்து வைத்திருந்தார். இத்தனை நாளும் ஆணியில் கட்டித்தான் இழுத்திருக்கிறார். ஆணியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"சும்மாதான நிக்கிறீங்க? இந்த முனையைக் கொஞ்சம் பிடிங்க."

பிடித்தேன்.

"இன்னும் கொஞ்சம் கீழ. ம். தளர விடாதீங்க."

நடுவில் போய் இரண்டு விரலால் நூலை இழுத்துச் சுண்டினார். நீலப்பொடி என் வெள்ளைச் சட்டையில் தெறித்தது.

"அடுத்தது ஒண்ணரை அடி கீழ" என்றார் அண்ணாச்சி.